பழுது பார்த்துவிட்டுப் போகும் திருடன்

“என் வீட்டு ஷெட்டுக்குள்ளே யாரோ நுழையறான்” என்றார் பல் டாக்டர்.

“என்ன எடுத்துட்டுப் போனான்?” என்று கேட்டாள் அக்கா.

“எடுக்கலே. ரிப்பேர் பண்ணிட்டுப் போறான்.”

தம்பி கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து நாய் காணோம், நகை காணோம், மாப்பிள்ளை காணோம் என்று எத்தனையோ பேர் படியேறி வந்திருக்கிறார்கள். காணாமல் போனது பழுது என்று ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் அறை. கீழே இஸ்திரி போட ஆரம்பித்ததும் தரை இளஞ்சூடாகிவிடும். கட்சிக்காரர்கள் உண்மையைச் சீக்கிரம் கக்குவதற்கு அதுதான் காரணம் என்பது தம்பியின் கட்சி. அக்கா முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். நொறுங்கிப்போன வண்டிகளைச் சுற்றிவந்து பார்த்து, சொந்தக்காரர் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பெயின்ட் என்று சொல்வது அவள் வேலை. தம்பி அவளுடன் கூடப் பிறந்தவன். முப்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு மட்டுமில்லாமல் தெருவுக்கே அவன் தம்பிதான்.

“கொஞ்சம் விவரமா சொல்லுங்க டாக்டர்” என்றாள் அக்கா.

டாக்டர் நாற்காலியில் அசைந்தார். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால்கள் மேஜை விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தன.

“என்கிட்ட ஒரு பழைய டூரிங் பைக் இருக்கு. நீண்ட தூரம் போறதுக்குன்னே செஞ்ச பெரிய வண்டி. பதினாலு வருஷமா வச்சிருக்கேன். பழைய வண்டின்னா ஏதாவது கெட்டுக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா நான் ஷெட்டுக்குள்ளே போயிடுவேன். இப்ப ரெண்டு மாசமா, போன வாரம் கெட்டிருந்தது இந்த வாரம் சரியா இருக்கு! இண்டிகேட்டர் எரியலே, எரியுது. சோக் கேபிள் கழண்டிருந்தது, மாட்டியிருக்கு. பிளக் மூடி ஆடிச்சு, ஆடலே. அதோட விட்டானா? பின்சீட்டுக் கைப்பிடி, பின்னாடி கால்மிதி, பெட்டியோட பூட்டு, ஒண்ணு விடலே. எண்ணெய் ஒழுகறதைக்கூட நிறுத்திட்டான்!”

“சார், அவன் விலாசம் கிடைச்சா எங்க குளியலறைக் குழாயையும் காட்டணும்” என்றான் தம்பி.

“சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்குப் போனா எனக்குச் செய்ய ஒண்ணுமே இல்லே!” வீடு தீப்பிடித்தவர்கூட இவ்வளவு துக்கத்தோடு பேச மாட்டார். “வர வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் கடற்கரை வரைக்கும் போறதா ஒரு பேச்சு. வண்டி சரியானா.”

“சரியாயிடுச்சே.”

“அதானே!” என்று சொல்லிவிட்டு டாக்டர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவருடைய நோயாளிகள் யாரும் அவ்வளவு வேகமாக மூடியிருக்க மாட்டார்கள். அக்காவின் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

“ஒண்ணு. இது என் மனைவிக்குத் தெரியக் கூடாது.” எழுந்தவர் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார். “கீழ்க் கடைவாய். இடது பக்கம். எத்தனை நாளா?”

“எது சார்?”

“வீக்கம்.”

“அது பிறவியிலேயே அப்படித்தான் சார். ஒரு பக்கம் மட்டும் செழிப்பு.”

“நாலு தடவை அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தேன்” என்றாள் அக்கா. “ஒரு தடவை மழை. ஒரு தடவை செருப்பு அறுந்துடுச்சு. ஒரு தடவை வலி நின்னுடுச்சு. நாலாவது தடவை வலி அதிகமா இருந்ததாலே வர முடியலே.”

“எல்லாம் நியாயமான காரணம்” என்றான் தம்பி.

“நியாயமான காரணம்தான்” என்று டாக்டரும் ஏனோ தலையாட்டினார்.

*

ஷெட், வீட்டின் பக்கவாட்டில், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. பூட்டு உடையவில்லை. கதவு நெம்பப்படவில்லை. டாக்டர் போர்வையை இழுத்ததும் தம்பி தன்னை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினான். பெரிய கண்ணாடி முகம், அகன்ற டாங்கி, சோபா போன்ற சீட்டு, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி. துறைமுகம் வற்றிப் போனதால் இங்கே வந்து ஒதுங்கிய கப்பல் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“இதுக்கு நம்பர் பிளேட் எதுக்கு? கதவு எண் போட்டிருக்கலாம்” என்றான் தம்பி.

டாக்டர் விரல் முட்டியால் டாங்கியை இரண்டு முறை தட்டினார். கதவு தட்டுவது போல.

“அது என்ன?” என்றாள் அக்கா.

“பழக்கம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தட்டுவேன். வர்றேன்னு சொல்ற மாதிரி.” வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார். “இது கேட்டைத் தாண்டி ரெண்டு வருஷம் ஆச்சு.”

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு குந்தி உட்கார்ந்து இன்னொரு சுற்று. நோயாளியின் கட்டிலைச் சுற்றும் டாக்டரைப் போல அவள் சுற்ற, நோயாளியின் உறவினரைப் போல டாக்டர் பின்னாலேயே சுற்றினார்.

“முன் கண்ணாடியில பாரு” என்றாள் தம்பியிடம்.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பூச்சி நசுங்கிக் காய்ந்திருந்தது. சிறகில் இன்னும் பச்சை மங்கவில்லை.

“செத்துப் போச்சு” என்றான் தம்பி. “கொலைக் கேஸ் தனியா எடுக்கணுமா?”

“டயரைப் பாரு.”

டயரின் பள்ளங்களில் வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. தம்பி விரலால் தொட்டு முகர்ந்தான். “பல் டாக்டர் வீட்டு வண்டி. பல் விளக்கியிருக்கு.”

“சுண்ணாம்பு” என்றாள் அக்கா. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் வண்டியின் இடது பக்கம் போனாள். பின்னால் வருவதைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் முதுகில் ஒரு தேய்ப்பு. கிளட்ச் பிடியின் நுனிக் குமிழ் உடைந்திருந்தது. இடது பெட்டியின் கீழ் மூலையில் ஒரு சிராய்ப்பு. மூன்றையும் விரலால் தொட்டாள். “இது எப்போ?”

“வாங்கும்போதே இருந்தது” என்று டாக்டர் ஷெட்டின் கூரையிடம் சொன்னார்.

“பின் கால்மிதியை நாலு விரற்கடை கீழே இறக்கி மாட்டியிருக்கே?”

“பார்த்தீங்களா அக்கிரமத்தை! முதுகுக்குச் சாய்மானம் ஒண்ணு புதுசா வச்சிருக்கான். அதுவும் தள்ளி, வெகு பின்னாடி. என் சீட்டையும் விடலே. உறையைப் பிரிச்சு ஏதோ பண்ணித் தைச்சிருக்கான். உக்காந்தா குழியில இறங்கின மாதிரி இருக்கு.”

அப்போது ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. டாக்டரின் மனைவி. கணவரின் மார்புவரைக்கும்தான் உயரம். ஆனால் வந்து நின்றதும் ஷெட்டில் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். கையில் கார் சாவி, கழுத்தில் விசில். அடுத்த தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் என்று டாக்டர் வரும் வழியில் சொல்லியிருந்தார்.

“யாருங்க இவங்க?”

“இவங்களா? வண்டியை... பார்க்க வந்தாங்க.”

“விக்கப் போறீங்களா?”

டாக்டர் போர்வையின் நுனியைப் பிடித்துத் திருகினார். தம்பி உதவிக்கு ஓடினான். “சும்மா பார்த்தோம்க்கா. எங்க வீட்டுல வாசப்படி சின்னது. இதைக் கொண்டுபோனா நாங்க வெளியே படுக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. “ஏங்க, ஒண்ணு சொல்லிடறேன். இவங்க எதிர்லேயே சொல்றேன், சாட்சியா இருக்கட்டும். என் தங்கச்சி கடற்கரை வீட்டுல மாடி அறையைப் போன வருஷம் நமக்காக ஒழிச்சு வச்சா. வண்டி ரிப்பேர்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் ஒழிச்சு வச்சா. ரிப்பேர். வெள்ளிக்கிழமை காலையில இது கிளம்பினா ரெண்டு பேரும் போறோம். கிளம்பலேன்னா நான் பஸ்ல போறேன். திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டாக்டர் போர்வையை எடுத்து வண்டிமேல் போர்த்தினார். தன்மேலேயே போர்த்திக்கொள்வது போல மெதுவாக.

*

ஊரில் பழைய பைக்குகளுக்குப் புது ரப்பர் விற்கிற மெக்கானிக் ஒருவர்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்து, மூன்றாவது வண்டியின் உதிரிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் சார் வண்டியா?” என்றார். “அக்கா, பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ரெண்டு வகை. ஓட்டறதுக்காக ரிப்பேர் பண்றவங்க. ரிப்பேர் பண்றதுக்காக ஓட்டறவங்க. டாக்டர் மூணாவது வகை. ஓட்டாம இருக்கிறதுக்காக ரிப்பேர் பண்றவர்.”

அக்கா அவரைப் புது மரியாதையோடு பார்த்தாள்.

“பிளக் மூடி தானா கழலுமா?” என்று கேட்டாள்.

“கழலும். வருஷத்துக்கு ஒரு தடவை.”

“வாரத்துக்கு ஒரு தடவை?”

“அதுக்குக் கை வேணும்.” சிரித்தார். “எல்லாத்தையும் பெரிய வியாதின்னு நினைச்சுடக் கூடாதுக்கா. போன மாசம் ஒருத்தர் வண்டியைத் தள்ளிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. எஞ்சின் போச்சுன்னு ஒரே அழுகை. பார்த்தா பெட்ரோல் திருகு மூடியிருந்துச்சு. இந்தப் பழைய வண்டியிலெல்லாம் டாங்கிக்கு அடியில இடது பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். நிறுத்தினா மூடணும், எடுத்தா திறக்கணும். மூடியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், அதான் வேடிக்கை. உள்ளே தங்கின பெட்ரோல்ல தெருமுனை வரைக்கும் ராஜா மாதிரி போகும். அப்புறம் படுத்துக்கும்.”

“எனக்குத் தெரிஞ்சு பல பேர் கல்யாணம் இப்படித்தான் ஓடுது” என்றான் தம்பி.

“பின் கால்மிதி ரப்பர் ஒரு ஜோடி உங்ககிட்ட யார் வாங்கினது?” என்றாள் அக்கா.

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. தட்டில் இருந்த உதிரிகளை ஒருமுறை கலைத்து, மறுபடி அடுக்கினார். “அக்கா, என்னைக் கேக்காதீங்க. என் பொண்ணு கார் ஓட்டக் கத்துக்கறா. நான் வாயைத் திறந்தேன்னா, அவ இந்த ஜென்மத்துல ரிவர்ஸ் எடுக்க மாட்டா.”

வெளியே வந்ததும் தம்பி நடுத்தெருவில் நின்றான். முகம் மலர்ந்திருந்தது, ஒரு பக்கம் அதிகமாகவே.

“அக்கா! கண்டுபிடிச்சுட்டேன்!”

“சொல்லு.”

“இப்ப சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில, எல்லாரையும் நிக்க வச்சு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே சொல்லுவேன். ஒரு தடவையாவது நான் சொல்றேன்கா.”

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சொல்லு” என்றாள். “தப்பா சொன்னாலும் பாதியில நிறுத்த மாட்டேன்.”

*

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. வண்டி வாசலை நோக்கித் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. டாக்டரின் மனைவி இரண்டு பெட்டிகளிலும் துணி அடுக்கிப் பூட்டி முடித்திருந்தாள். தோளில் ஒரு பையும் இருந்தது. பஸ்ஸானாலும் பைக்கானாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். டாக்டர் பழைய தோல் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுப்பதும் கீழே இறக்குவதுமாக இருந்தார்.

தாங்கள் யார் என்று அக்கா டாக்டரின் மனைவியிடம் சொல்லி முடித்ததும், தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். ஷெட் சின்னது, மூன்று எட்டுக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருந்தது.

“திருடனுக்கு டூல்ஸ் இருக்கு. ஷெட் சாவி இருக்கு. பகல்ல டாக்டர் கிளினிக்கில இருப்பார்னு தெரியும். சரி, அவன் ஆசை ஆசையா எதைத் தொட்டிருக்கான்? பின்சீட்டுக் கைப்பிடி. பின்சீட்டுச் சாய்மானம். பின் கால்மிதி. ஒரு வண்டியோட பின்பாதிமேல யாருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்?” திரும்பினான், ஸ்டாண்டில் தொங்கிய ஹெல்மெட்டில் தலையை இடித்துக்கொண்டு, அதையும் ஒரு அபிநயமாக மாற்றி விரலை நீட்டினான். “பின்னாடி உக்காரப் போறவங்களுக்கு!”

விரல் டாக்டரின் மனைவிக்கு நேராக இருந்தது.

“ஆமா. நான்தான்” என்றாள் அவள்.

“நீயா?” டாக்டரின் ஜிப் பாதி வழியில் நின்றது. “உனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?”

“டிரைவிங் ஸ்கூல் காரை வருஷக்கணக்கா யார் பார்த்துக்கறாங்கன்னு நினைச்சீங்க? அதுவா குணமாயிடுதா?”

தம்பி அக்காவுக்கு ஒரு வணக்கம் போட்டான். “கேஸ் முடிஞ்சது.”

“பாதி” என்றாள் அக்கா. டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினாள். “கொஞ்சம் பின்சீட்டுல ஏறி உக்காருங்களேன்.”

அவள் தயங்கினாள். முதல் தடவையாக அவள் கண்கள் கணவர் பக்கம் போயின. பிறகு ஏறி உட்கார்ந்தாள். கால்கள் அந்தரத்தில் ஆடின. எவ்வளவு நீட்டியும் கால்மிதி எட்டவில்லை. முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம்.

தம்பியின் கை தானாகவே பின்கட்டிலிருந்து அவிழ்ந்து தொங்கியது.

“இறங்குங்க. டாக்டர், நீங்க ஏறுங்க. பின்னாடி.”

“நான் எதுக்குப் பின்னாடி?”

“சும்மா ஒரு சோதனை.”

டாக்டர் ஏறினார். பாதங்கள் கால்மிதியில் போய்ப் பொருந்தின. முதுகு சாய்மானத்தில் பொருந்தியது. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைகூட அப்படிப் பொருந்தாது. டாக்டர் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக விடிந்துகொண்டிருந்தது. அது விடிவதை அவர் விரும்பவில்லை என்பதும் தெரிந்தது.

“இவங்க முன்சீட்டுல உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில பதியும்” என்றாள் அக்கா. “உள்ளே நுரையை வெட்டி இறக்கியிருக்காங்க. அதான் உங்களுக்குக் குழி மாதிரி இருந்தது. டயர்ல இருந்த சுண்ணாம்பு டிரைவிங் ஸ்கூல் மைதானத்துல எட்டு வடிவமா கோடு போடற பொடி. கண்ணாடியில ஒட்டின பூச்சி, நீங்க பல்லைப் பிடுங்கிட்டிருந்த ஏதோ ஒரு மத்தியானம் எதிரே வந்தது.”

“போன மாசம் லைசென்ஸ் வாங்கிட்டேன்” என்றாள் மனைவி.

“நீ... இதை ஓட்டறியா?”

“எட்டே போட்டுட்டேன். ரோடு நேராத்தானே இருக்கு?”

தம்பிக்குத் தன் துப்பு உடைந்துபோன வருத்தம்கூட மறந்துவிட்டது. “அப்ப முன்பாதியில கெட்டதெல்லாம்? அதையும் இவங்கதான் கெடுத்தாங்களா?”

“அவங்க சரி பண்ணினாங்க. பகல்ல ஓட்டிப் பழகணுமே.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “பழைய வண்டி கெடும்டா. ஆனா அதுக்குக் கிழமை தெரியாது. இந்த வண்டி ஞாயித்துக்கிழமை மட்டும் கெட்டிருக்கு.”

எல்லோருடைய பார்வையும் தன்மேல் திரும்பியதைக் காணாததுபோல, டாக்டர் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடது பக்கம் மூணு தேய்ப்பு இருக்கு” என்று அக்கா தொடங்கினாள். “ஓடும்போது விழுந்திருந்தா இழுபட்டு நீளமா இருக்கும். இது மூணும் பொட்டு மாதிரி. நின்ன இடத்துல...”

“நான் சொல்றேன் மேடம்” என்று மனைவி குறுக்கிட்டாள். மாடி ஜன்னலைக் காட்டினாள். “அங்கே நின்னுட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி. வெளியே எடுக்கறதுக்காகத் திருப்பினார். மெதுவா சாய்ஞ்சது. பிடிக்கப் பார்த்தார், முடியலே. வண்டி பக்கத்துலேயே தரையில உக்காந்துட்டார். பேப்பர் போடறவர் வந்து கூடத் தூக்கி விட்டார்.”

“பார்த்தியா?” என்றார் டாக்டர். “பார்த்துட்டு ஏன் இறங்கி வரலே?”

“வந்திருந்தா அதுக்கப்புறம் நீங்க என் மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டீங்க.”

தம்பிக்குச் சொல்ல ஒரு வேடிக்கை வாய்வரை வந்தது. அதைக் கன்னத்திலேயே, வலிக்கிற பக்கமாக, ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

“நான் தனியா இருக்கும்போதே தாங்க முடியலே” என்றார் டாக்டர். “நீ பின்னாடி உக்காந்திருக்கும்போது சாய்ஞ்சிருந்தா? அந்த எடைக்கு அடியில உன் கால்...” முடிக்கவில்லை.

“அதைச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா வண்டியை வித்துடுன்னு சொல்லுவே.”

“நான் எப்பங்க வித்துடுங்கன்னு சொன்னேன்? கடலுக்குப் போகணும்னுதானே சொன்னேன்?” அவள் ஹெல்மெட்டை எடுத்தாள். “எடையைக் கையால பிடிக்கக் கூடாது, காலால பிடிக்கணும். என்கிட்ட வர்றவங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான். நான் முன்னாடி, என் ரெண்டு காலும் தரையில. நீங்க பின்னாடி, உங்க கால் கொக்குக் கால், அதுவும் தரையில. மொத்தம் நாலு கால். நாலு கால் வச்ச மேஜை விழுந்து பார்த்திருக்கீங்களா?”

“தெருவுல பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?”

“ஹெல்மெட்டைப் போடுங்க. யாருன்னு தெரியாது.”

“என் உயரத்துக்கா?”

“குனிஞ்சுக்கோங்க.”

அவள் முன்சீட்டில் ஏறினாள். இரண்டு பாதங்களும் அப்பளம் வைத்தாற்போலத் தரையில் படிந்தன. சோக்கை இழுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, விரல் முட்டியால் டாங்கியை இரண்டு முறை தட்டினாள்.

டாக்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி திரும்பியபோது ஹெல்மெட் மாட்டியிருந்தார். உள்ளே எந்த முகம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி ஒரு பெரிய கொட்டாவி விட்டு எழுந்தது. கேட்டைத் தாண்டியது. அவள் பின்னால் அவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஒரு சிட்டுக்குருவி தந்திக் கம்பத்தைக் கடத்திக்கொண்டு போவதுபோல இருந்தது. அக்காவும் தம்பியும் கேட்டில் நின்று கையசைத்தார்கள்.

தெருமுனை. வண்டி ராஜா மாதிரி போயிற்று, ஒருமுறை குலுங்கிற்று, இருமுறை விக்கிற்று, நின்றுவிட்டது.

“ஐயோ” என்றான் தம்பி. “எல்லாத்தையும்தானே சரி பண்ணாங்க?”

அக்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “ஓடாதே. தெருமுனை வரைக்கும் ராஜா மாதிரி போகும்னு யார் சொன்னது?”

தம்பிக்குப் புரிந்தது. மூடிய பெட்ரோல் திருகு. இன்றைக்குக் காலையில், அவர்கள் வருவதற்கு முன்பு, கடைசியாக ஒருமுறை ஷெட்டுக்குள் போன கை ஒன்று. வண்டி சாகும், எல்லோரும் ‘அடடா’ என்பார்கள், அவள் பஸ்ஸுக்குப் போவாள், கால் எதுவும் நசுங்காது.

அங்கே மனைவி நான்கு கால்களுக்கு நடுவே வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. சோக் கேபிளையும் பிளக் மூடியையும் ஒவ்வொரு வாரமும் தேடிக் கண்டுபிடித்தவள், இன்று எதையும் தேடவில்லை.

“அவங்களுக்குத் தெரியாதாக்கா?”

“தெரியாமலா ரோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா?”

பின்னாலிருந்த உருவம் சிலைபோல இருந்தது. பஸ் நிறுத்தம் எதிர்ப் பக்கத்தில்தான். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவளுடைய தோள்பை அசையவில்லை.

பிறகு அந்த நீண்ட உடம்பு முன்னால் சாய்ந்தது. ஒரு நீண்ட கை அவளுடைய இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, டாங்கிக்கு அடியில் இடது பக்கமாகப் போயிற்று. ஏதோ ஒன்றைத் திருகிற்று. திரும்பி வரும் வழியில் விரல் முட்டியால் டாங்கியை இரண்டு முறை தட்டிற்று.

வண்டி உறுமியது. வளைவில் சாய்ந்தது, விழாமல் நிமிர்ந்தது, கடல் இருக்கிற திசையில் போய் மறைந்தது. தெருவில் புகை கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

“திறக்கிறதுக்குக் கையால ஒரு திருகு போதும். அவ்வளவுதான்” என்றாள் அக்கா. “அதுக்கு ரெண்டு வருஷம் ரிப்பேர். பயப்படறவங்களுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது.” சொல்லிவிட்டு மெதுவாகத் தம்பியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். “டாக்டர் அடுத்த வாரம் திரும்பி வந்துடுவார். முதல் அப்பாயின்ட்மென்ட் உனக்குத்தான். நானே கூட வர்றேன்.”

தம்பி கன்னத்திலிருந்து கையை எடுத்து, சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“வேண்டாம்கா. இப்ப சரியாயிடுச்சு” என்றான். “யாரோ வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்டாங்க.”